காருக்குப் பத்தியம்

ஜெபமணி பிறந்தபோது அழவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. கண்ணைத் திறந்ததும் நர்ஸம்மாவிடம் ஏதோ கேட்டானாம். அந்த அம்மாவும் பதில் சொன்னாராம். இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் அந்த அம்மாவுக்கு டூட்டியே முடிந்துவிட்டதாம். பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. இதைப் பரப்பியவனே ஜெபமணிதான். ஆனாலும் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனோடு ஒரு டீ குடிக்க நின்று, போக வேண்டிய பஸ்ஸையும் அதற்கடுத்த பஸ்ஸையும் கோட்டைவிட்டவர்கள் அதை அப்படியே நம்பினார்கள்.

அந்த வாயை வைத்துத்தான் நாற்பது வயதுவரை பிழைப்பு ஓடியது. சத்தம் எழுப்பிக் கொசு விரட்டும் பெட்டி விற்றான்; அதை வாங்கி மாட்டிய வீடுகளில் கச்சேரி கேட்க வந்ததுபோலக் கொசு கூடியது. முடி வளரும் தைலம் விற்றான். அவன் தலையோ துடைத்து வைத்த தாம்பாளம். "என் தலையப் பாத்தீகளா? இந்தத் தைலம் வாரதுக்கு முந்தியே போன தலை இது. நீங்களாச்சும் பொழைச்சுக்கங்க" என்று தன் வழுக்கையைக் காட்டியே சரக்கைத் தீர்த்தான்.

அப்புறம்தான் காந்தம் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி செய்தது. உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு கறுப்புத் துண்டுகள். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அல்லது டீசல் டியூபை இரண்டுக்கும் நடுவே வைத்து ஸ்குரூவை முடுக்கினால் வேலை முடிந்தது. வண்டி குடிக்கிற எண்ணெய் குறைந்துவிடும் என்றது கம்பெனி. எப்படிக் குறையும் என்று கூட வந்த தாளில் இங்கிலீஷில் பொடிப்பொடியாகப் போட்டிருந்தது. ஜெபமணி அதைப் படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துவிட்டு, சொந்தமாக ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டான்.

"ரேசன் கடையில சனம் எப்படி முட்டி மோதிக்கிட்டு நிக்கிது? பெட்ரோலும் அப்படித்தான் இன்ஜினுக்குள்ள போகுது. பாதி எரியும், பாதி சும்மா எட்டிப் பாத்துட்டு சைலன்சர் வழியா வெளிய போயிரும். இந்தக் காந்தம் போலீஸ்காரர் மாதிரி. எல்லாத்தையும் வரிசையில நிறுத்தி ஒவ்வொண்ணா அனுப்பும். ஒரு சொட்டு ஏமாத்திட்டுப் போக முடியாது."

இந்தப் பேச்சில் முதலில் விழுந்தவன் அனுமந்தன்பட்டி சின்னக்கருப்பு. விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் அடைத்துக் கம்பம்மெட்டு மலைவழியே கேரளாவுக்கு ஏற்றி, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவது அவன் தொழில். காந்தத்தை மாட்டிக்கொண்டு போனவன் அடுத்த வாரமே அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அவன் பிடித்திருந்த தினுசைப் பார்த்தால், திருப்பிக் கொடுக்க வந்தவன் மாதிரி இல்லை, எறிய வந்தவன் மாதிரி இருந்தது.

"அண்ணே, எனக்கு நல்லா வாயில வருது. டீசல் ஒரு சொட்டுக் குறையல."

ஜெபமணி வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவனுக்கே தெரியாது.

"பத்தியம் இருந்தியா?" என்று வந்தது.

சின்னக்கருப்பு விழித்தான். "நானா?"

"நீ இருந்து என்ன செய்ய? வண்டிய இருக்க வச்சியா?"

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்விக்கு எதிர்க் கேள்வி கிடையாது. மஞ்சள் காமாலைக்கு வேர் அரைத்துக் கொடுப்பவரானாலும் சரி, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரானாலும் சரி, மருந்து கேட்கவில்லை என்று போய் நின்றால் முதலில் கேட்பது இதைத்தான். பத்தியம் சொல்லாத வைத்தியரை இங்கே யாரும் மதிப்பதும் இல்லை. சின்னக்கருப்பின் கை தானாகக் கீழே இறங்கியது.

"நீங்க சொல்லவே இல்லையேண்ணே."

"நீ கேக்கவே இல்லையேப்பா."

அங்கேயே, நின்ற நிற்பில், காருக்கும் ஜீப்புக்கும் பத்தியம் பிறந்தது. மெக்கானிக்குகளோடு டீ குடித்த நேரத்தில் காதில் விழுந்ததையெல்லாம் ஜெபமணி கோத்துச் சொன்னான். வாரம் தவறாமல் டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும். கிளட்ச் மேல் காலைச் சாத்திக்கொண்டு ஓட்டக் கூடாது. ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆள் ஏற்ற நிற்கும் நேரத்தில் இன்ஜினை அணைக்க வேண்டும். ஆத்திரப்பட்டு யாரையும் முந்தக் கூடாது. வேண்டாத பாரம் ஆகவே ஆகாது.

"எத்தன நாளைக்குண்ணே?"

"ஒரு மண்டலம். நடுவுல ஒரு நாள் முறிஞ்சாலும் மொதல்ல இருந்து இருக்கணும்."

சின்னக்கருப்பு போய் ஜீப்பைக் குடைந்தான். சீட்டுக்கு அடியில் ஒரு உடைந்த ஆக்சில் கிடைத்தது. அதற்கடியில் ஒரு அம்மிக்கல். அது யாருடைய அம்மி, எந்தக் காலத்தில் ஏறியது என்று அவன் பெண்டாட்டிக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுவிட்டு, மாலை போட்ட சாமி மாதிரி வண்டி ஓட்டினான். வியாழக்கிழமையோடு தீர்கிற டீசல் சனிக்கிழமைவரை வந்தது. ஜீப் ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு. பெட்டி பெட்டியாகக் காந்தம் போயிற்று. காந்தம் இரும்பை இழுக்கும், இரும்பு சனீஸ்வரனுடையது, வம்பை விலைக்கு வாங்கக் கூடாது என்று பயந்தவர்கள் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்து மாட்டிக்கொண்டார்கள். உத்தமபாளையம் ரோட்டில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், முன்னால் போகிறவன் தலையை நீட்டி, "பத்தியத்துல இருக்கேன்ப்பா, நீ போ" என்று வழிவிடும் அளவுக்கு ஊர் திருந்திவிட்டது. அடிக்க ஆளில்லாமல் இரண்டு பஸ்களின் ஹாரன் துருப்பிடித்தே போயிற்று என்றும் சொல்வார்கள்.

ஜெபமணி தன் காந்தத்தை நம்பினானா என்றால், பாதி நம்பினான். மீதியைப் பத்தியத்தின் மேல் போட்டுவைத்தான்.

அவனுடைய மாமனார் ஏசுதாசன் பாதிகூட நம்பவில்லை.

போடி கடைவீதியில் அவருக்குப் பாத்திரக்கடை. மூன்று தலைமுறைக் கடை. அண்டா, குண்டான், சீர்வரிசைக் குடம் எல்லாம் கூரைவரை அடுக்கியிருக்கும். அத்தனை பளபளப்புக்கு நடுவில் ஏசுதாசன் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். எடை, விலை, இந்த இரண்டைத் தவிர அங்கே வேறு பேச்சுக் கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் வாயைத் திறந்தால் எடை தப்பும் என்பது அவர் அப்பா காலத்துச் சட்டம். வாங்க வந்தவர் "சௌக்கியமா?" என்று கேட்டால்கூடத் தராசைப் பார்த்துத்தான் தலையை ஆட்டுவார்.

ஒரே மகள் ஜெஸ்லின். தேனியில் பள்ளிக்கூட டீச்சர். மகன் இல்லாத வீட்டில் கடைக்கு வாரிசு மருமகன்தான் என்று கல்யாணத்தன்றே முடிவு செய்து வைத்திருந்தார் ஏசுதாசன். வருடங்கள் போயின, மருமகன் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான், அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தார்.

"மாப்ள, காந்தம் விக்கிறது போதும். அடுத்த மாசத்துல இருந்து கடையில வந்து உக்காருங்க."

ஜெபமணியின் கையில் இருந்த எலும்பு தட்டில் விழுந்தது. "மாமா, வியாபாரம் நல்லாப் போகுதே."

"என்னத்தப் போகுது? இரும்பத் தொட்டா எண்ணெ மிச்சமாகும்னு சொல்லித் திரியிறீக. சொந்தக்காரன் மூஞ்சியில முழிக்க முடியல எனக்கு."

"நெசமாவே மிச்சமாகுது மாமா. சின்னக்கருப்பக் கேட்டுப் பாருங்க."

"அவன் எதுக்கு? என் காரு இருக்கே."

மாமியார் சுகிர்தம் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். ஏசுதாசன் கணக்காகச் சொன்னார். இந்தச் சனிக்கிழமை கம்பத்துக்குப் பாத்திரம் கொண்டுபோய்விட்டு வருவது காந்தம் இல்லாமல். அடுத்த சனிக்கிழமை அதே கம்பம், அதே பாத்திரப் பாரம், காந்தத்தோடு. லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடினால் கடைப் பேச்சை ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டார். கூடவில்லை என்றால் அதற்கு அடுத்த திங்கள்கிழமை மருமகன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வேண்டும், வாயை மூடிக்கொண்டு.

"சரி மாமா. ஆனா பத்தியம்..."

"பத்தியமும் கித்தியமும் கெடையாது. நான் எப்பவும் எப்படி ஓட்டுவனோ அப்படித்தான் ஓட்டுவேன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு மெதுவாப் போங்க, கால எடுங்கன்னு ஒரு வார்த்த சொன்னீகன்னா நீங்க தோத்ததா அர்த்தம்."

ஜெபமணிக்குக் கறி இறங்கவில்லை. ஏனென்றால் ஏசுதாசன் கார் ஓட்டுவது அவனுக்குத் தெரியும். பேச்சில் அவ்வளவு சிக்கனமான மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ஊதாரி. பழைய ஆம்னி வேன். கியர் மாற்ற மனம் வராது, ஆக்சிலரேட்டரை விடவும் மனம் வராது. இடது கால் கிளட்ச் மேலேயே குடியிருக்கும். எப்போதோ ஒரு மழைக்காலத்தில் வண்டி கிளம்ப மறுத்ததிலிருந்து போகிற வழியில் இன்ஜினை அணைக்கவே மாட்டார். பைபாஸில் தெரிந்த முகம் இல்லை என்று ஊருக்குள்தான் போவார். தெரிந்த கடைக்கு முன்னால் எல்லாம் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும், அவர் இறங்கி வெங்கலம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வருவார். அவர் வீரபாண்டியில் ஹாரன் அடித்தால் சின்னமனூரில் படுத்திருக்கும் மாடு எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

முதல் சனிக்கிழமை அப்படித்தான் ஓட்டினார். தேனி பெட்ரோல் பங்கில் சிம்ரன் என்கிற பெண் வேலை பார்த்தாள். டேங்கின் வாயில் பெட்ரோல் எட்டிப் பார்க்கிறவரை ஊற்றி அனுப்பினாள். திரும்பி வந்ததும் மறுபடி அதே அளவுக்கு ஊற்றி, போனில் வகுத்துப் பார்த்தாள்.

"லிட்டருக்குப் பதினொண்ணு கூட முழுசா இல்லையே தாத்தா. வண்டியில எங்கயாச்சும் ஓட்டை கீட்டை இருக்கா?"

"தாத்தாவா?" என்றார் ஏசுதாசன். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். இன்னும் மூன்று கூட வேண்டும் என்றால் பதினாலு. இந்த ஆம்னி பதினாலு கொடுத்ததை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அன்றைக்கு வீட்டில் ஜெபமணி சாப்பாட்டுக்கு முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. ஜெஸ்லின் அவன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே. அப்புறம் என்ன?"

"பழகிக்கிறேன். திங்கக்கிழமைக்கு அப்புறம் இப்படித்தான இருக்கணும்."

"உங்க காந்தத்து மேல நம்பிக்கை இல்லையா?"

"காந்தம் பெட்ரோல வரிசையில நிறுத்தும் ஜெஸ்லின். உங்கப்பா காலத் தூக்கி அங்கிட்டு வைக்குமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. சாயங்காலம் அவன் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே அன்றைய ஊர்ச் சேதி பாதி உள்ளே வந்துவிடும். அது வராத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "அப்பா கடையில ஒரு மாசம் உக்காந்தீகன்னா, நீங்களும் ஒரு குடம் மாதிரி ஆயிருவீக. தட்டுனாத்தான் சத்தம் வரும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. ஆம்னிக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, டியூபில் காந்தத்தை முடுக்கி, மனசுக்குள் ஒரு ஜெபமும் சொல்லிச் சீட்டை இறக்கினான் ஜெபமணி. சிம்ரன் வாய்வரை ஊற்றினாள். பின்னால் பாத்திரங்களோடு சாட்சிக்குச் சுகிர்தம். முன்னால் மாமனாரும் மருமகனும்.

பங்கை விட்டு இறங்கியதுமே ஏசுதாசன் மிதித்தார். வேண்டுமென்றே ஒரு மிதி கூடுதலாக. பின்னால் குண்டான்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. சீட்டுக்கு அடியில் இன்ஜின் அலறியது. ஜெபமணிக்கு அந்த அலறலில் தன்னுடைய திங்கள்கிழமை கேட்டது. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அவனுக்குப் பேச்சு வரும். ஓட்டுவதைப் பற்றித்தானே பேசக் கூடாது? அவன் பின்பக்கமாகத் திரும்பி மாமியாரிடம் ஆரம்பித்தான்.

"அத்தை, சின்னக்கருப்போட சித்தப்பா வீட்டுக் கிடா கேரளாவுக்கு வேலைக்குப் போன கதை உங்களுக்குத் தெரியுமா?"

"கிடாயா? வேலைக்கா?"

"கருப்பசாமிக்கு நேந்து விட்ட கிடா. ஒரு நாளு திராட்சைத் தோட்டத்துக்குள்ள போயிருச்சு. விலை இல்லைன்னு பன்னீர்த் திராட்சைய மலை மாதிரிக் குவிச்சுப் போட்டிருந்தாக. வெயில்ல கெடந்து புளிச்சுப் போச்சு. கிடா அதுல கழுத்துவரைக்கும்..." இந்த இடத்தில் இன்ஜின் மறுபடி அலறியது. அவன் வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

"கழுத்துவரைக்கும் என்ன?" என்றார் ஏசுதாசன், ரோட்டைப் பார்த்தபடி.

ஜெபமணி காதில் விழாதவன்போலப் பின்னால் பார்த்தே சொல்லிக்கொண்டு போனான். ஏசுதாசன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அப்படியும் கேட்கவில்லை. அவருடைய வலது கால், அவரைக் கேட்காமலே, கொஞ்சம் மேலே வந்தது. இன்ஜின் அடங்கியது. ஜெபமணியின் குரல் கேட்டது.

"...குடிச்சிட்டுத் தள்ளாடிக்கிட்டே வந்து ஜீப்புல ஏறிருச்சு. விடியாத நேரம். உள்ள பொம்பளைக எல்லாம் குளிருக்கு முழுக்கைச் சட்டை போட்டு, தலையில துண்டு கட்டித் தூங்குறாக. பக்கத்துல ஒண்ணு நடுங்குதேன்னு ஒரு அக்கா தூக்கக் கலக்கத்துல அதுக்கும் ஒரு சட்டைய மாட்டி, துண்டையும் கட்டிவிட்டுருச்சு."

"ஐயையோ!" என்றார் சுகிர்தம்.

"செக்போஸ்ட்ல டார்ச் அடிச்சுத் தலைய எண்ணுறாரு ஒருத்தரு. தாடி வச்ச அந்தம்மாவுக்கு ஆதார் கார்டு எங்கன்னு கேக்குறாரு."

ஏசுதாசனின் தோள் ஒரு தரம் குலுங்கியது. அவர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். ஆம்னி நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. ஜெபமணி மீட்டரின் முள்ளைப் பார்த்தான், மாமனாரின் காலைப் பார்த்தான். மண்டைக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்று எரிந்தது. அப்புறம் அவன் அந்தக் கிடாயை விடவே இல்லை.

கிடாய்க்குத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். அது நாள் முழுக்க ஏலக்காய் தின்றது. அது 'மே' என்று கத்தினால் பாயச வாசனை வந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து முதலாளி வந்தார், பார்த்தார், மயங்கினார். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கப்பக்கிழங்கும் கட்டன்சாயாவும் கொடுத்து வளர்த்தார். வீரபாண்டி தாண்டி ரோடு பிரிகிற இடத்தில் ஏசுதாசன் வழக்கம்போல ஊர்ப்பக்கம் ஒடிக்கப் போனவர், ஒரு கணம் யோசித்தார். ஊருக்குள் போனால் யாராவது கைகாட்டி நிறுத்துவார்கள். கிடா பாதியில் நின்றுவிடும். வண்டியைப் பைபாஸில் விட்டார்.

கம்பத்தில் பாத்திரம் இறக்கும்போது இன்ஜினை அணைத்தார். "அணைச்சாத்தானய்யா காது கேக்குது" என்று யாரும் கேட்காமலே காரணம் சொன்னார்.

திரும்புகிற வழியில்தான் ஆபத்து வந்தது. சின்னக்கருப்பின் சித்தப்பா கிடாயைத் தேடி மலையேறிவிட்டார். முதலாளி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். கேஸ் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. ஏட்டு கிடாயை நடுவில் நிறுத்தி, யார் கூப்பிட்டு யாரிடம் போகிறதோ அவருக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில், சின்னமனூர் தாண்டி, ஜெபமணியின் சரக்குத் தீர்ந்துபோனது. வாழ்க்கையில் முதல்முறையாக. கிடா எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் போனாலும் கதை முடிந்துவிடும். தேனி இன்னும் வரவில்லை.

ஏசுதாசன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் காதுக்கு வேலை இல்லாததால் மிதித்தார். ஐம்பது, அறுபது. முன்னால் போன பஸ்ஸைப் பார்த்து ஹாரன் அடித்தார். குண்டான்கள் இறங்கிப்போன காலி வண்டி துள்ளியது. இன்ஜின் அலறியது. ஜெபமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தான். கண்ணாடிக்குள் சுகிர்தத்தின் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் ஒரு தரம் ஏசுதாசனின் காலுக்குப் போய்விட்டு வந்தது.

"மாப்ள" என்றார் சுகிர்தம் சாவகாசமாக. "அந்த மொதலாளி கிடாய எப்படிக் கூப்பிட்டாராம்? மலையாளத்துலயா, தமிழ்லயா?"

ஜெபமணிக்கு உயிர் வந்தது.

"அதான் அத்தை விசயமே! சித்தப்பா, 'வாடா ராசா, வாடா'ன்னு தொண்டை கிழியக் கூப்பிடுறாரு. கிடா யாரோ எவரோன்னு நிக்கிது. அந்தாளு மெதுவா, 'இங்கோட்டு வா மோனே'ன்னாரு. கிடா காத வெடச்சுக்கிட்டுத் திரும்புச்சு."

"அட துரோகி!" என்று கத்தினார் ஏசுதாசன். கால் மேலே வந்துவிட்டது. "சோறு போட்டு வளத்தவன் தமிழன். ஒரு மாசம் கப்பக்கிழங்கத் தின்னுட்டு மலையாளத்துக்குப் போகுமா அது?"

"கேளுங்க மாமா. திரும்புச்சு, ஆனா போகல."

"அப்புறம்?"

"சித்தப்பாவும் விடுவாரா? அவரும் மலையாளம் பேச ஆரம்பிச்சாரு. கம்பத்துச் சந்தையில கத்துக்கிட்ட மலையாளம். அதக் கேட்டு ஏட்டுக்கே கண்ணீர் வந்துருச்சு..."

அந்த மலையாளத்தை வைத்தே தேனிவரை ஓட்டிவிட்டான். பஸ் முந்தியது, லாரி முந்தியது, கல்யாண வீட்டு ஆட்டோ ஒன்று முந்தியது. சைக்கிளில் போன ஒருவர் கதையின் பாதியைக் கேட்டுக்கொண்டே கூட வந்ததாகவும் சொல்கிறார்கள். பங்குக்குள் நுழைந்தபோது கிடா இன்னும் ஸ்டேஷன் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தது.

சிம்ரன் ஊற்றினாள். வாயில் எட்டிப் பார்க்கிறவரை ஊற்றினாள். சீக்கிரமே எட்டிப் பார்த்துவிட்டது. போனில் தட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள், மறுபடி தட்டினாள்.

"பதினஞ்சுக்கு மேல வருது சார்!"

இந்தத் தடவை சார் என்றதை ஏசுதாசன் கவனிக்கவில்லை. போனை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். அப்புறம் கார்ச் சீட்டைப் பார்த்தார். அப்புறம் தன் வலது காலைப் பார்த்தார். அந்தக் கால் போடியிலிருந்து கிளம்பிய கால்தானா என்று சந்தேகப்படுகிறவர்போல வெகுநேரம் பார்த்தார். ஜெபமணி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது வருடம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு எந்தத் தட்டில் என்ன ஏறியது என்று தெரியாமலா போகும்? ஒரு வார்த்தை, 'உங்க கதையால மெதுவா வந்தேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கள்கிழமை கல்லா.

ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், மருமகனின் வாய்ச்சவடாலை வாயைப் பிளந்து கேட்டேன் என்று பெண்டாட்டிக்கு முன்னாலும் ஒரு பெட்ரோல் பங்குப் பெண்ணுக்கு முன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏசுதாசன் தொண்டையைக் கனைத்தார்.

"காந்தம் வேலை செய்யிது" என்றார்.

"ஆமாங்க. நல்லாவே செய்யிது" என்றார் சுகிர்தம், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

"சொன்னாச் சொன்னதுதான் மாப்ள. கடைப் பேச்ச இனி எடுக்க மாட்டேன்." இரண்டு அடி போனவர் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, பங்கின் போர்டைப் படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "அது... யாருகிட்டத்தான் போச்சு அந்தக் கிடா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருகிட்டயும் போகல மாமா. ஏட்டையாவோட சாப்பாட்டுப் பொட்டலத்துகிட்டப் போச்சு."

ஏசுதாசன் சிரித்தார். போடி கடைவீதியில் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. தேனி பங்கில் அன்றைக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார்.

ஜெஸ்லினிடம் சேதி சொல்ல ஓடிய ஜெபமணியை, காருக்குப் பின்பக்கம் சுகிர்தம் நிறுத்தினார்.

"நல்ல வேளை மாப்ள. நீங்க கடையில வந்து உக்காந்தா, கம்பத்துல யாரு பொண்ணுக்கு என்ன மாப்பிள்ளை, வைகை அணையில எத்தன அடி தண்ணி, இதெல்லாம் எனக்கு யாரு வந்து சொல்லுவா? இந்த மனுசன் நாப்பது வருசமா எங்கிட்ட எடையும் வெலையும்தான் பேசுறாக."

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காந்தத்துக்கு ஏசுதாசனைப் போல ஒரு விளம்பரக்காரர் வாய்க்கவில்லை. பாத்திரம் வாங்க வந்தவர்களிடம், எடை, விலை, அப்புறம் காந்தம் என்று மூன்றாவதாக ஒரு பேச்சு அந்தக் கடையில் நுழைந்தது. "நானே சோதிச்சுப் பாத்தேன். பத்தியம்கூட இருக்கல" என்பார். காந்தம் கேட்டு ஜெபமணியின் வீட்டு வாசலில் ஆம்னி, ஜீப், டிராக்டர் எல்லாம் வந்து நின்றன. ஆனால் ஜெபமணிக்குத்தான் கை வரவில்லை. எது வேலை செய்தது என்று கண்ணாலேயே பார்த்துவிட்டான்; பாதி நம்பிக்கையும் போய்விட்டது. பொய் சொல்லலாம், அதற்கு அவன் பயந்தவன் இல்லை. கேட்கிறவனுக்குச் சிரிப்பாவது மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே வந்தவர்களிடம் புதுச் சட்டம் போட்டான். "காந்தம் கடுமையான சாமான். வண்டி தாங்கணும். மொதல்ல ஒரு மண்டலம் வெறும் பத்தியம் மட்டும் இருக்க விடுங்க. அப்புறம் மாட்டலாம்."

பத்தியம் முடித்தவர்கள் ஒருவரும் காந்தத்துக்குத் திரும்பி வரவில்லை. அவர்கள் வண்டி அதற்குள் குணமாகிவிட்டிருந்தது. கம்பத்தில் டூரிஸ்ட் வேன்கள் வைத்திருந்த ஒருவர் மட்டும் வந்தார். வாராவாரம் வந்து தன் டிரைவர்களுக்குப் பத்தியம் சொல்லிவிட்டுப் போகும்படி சம்பளத்துக்கே அமர்த்திக்கொண்டார். பேசுவதற்குச் சம்பளம்! ஜெபமணி அன்றைக்கு இரவு இரண்டு பங்கு சாப்பிட்டான்.

சனிக்கிழமைதோறும் ஏசுதாசன் கம்பத்துக்குப் பாத்திரம் கொண்டுபோகிறார். காந்தம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லி மருமகனையும் ஏற்றிக்கொள்கிறார். சாட்சி எதற்கும் இல்லாமலே சுகிர்தமும் ஏறிக்கொள்கிறார். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்றால் ஜெஸ்லினும் குடங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வாள். போன வாரம் வீரபாண்டி தாண்டி, ஒரு வாழைக்காய் லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரனை விடாமல் அடித்தது. ஏசுதாசன் கையை வெளியே நீட்டி, போ போ என்று ஆட்டினார்.

"போய்யா முன்னால. எங்களுக்கு என்ன அவசரம்? நீங்க சொல்லுங்க மாப்ள."